வால்வை மூடினால் போதாது: தொழிற்சாலை பைப்பை முழுசாகத் துண்டிக்கும் முறை

என்.வி.கியூ. தொழிற்தகைமைச் சான்றிதழோடு தேயிலைத் தொழிற்சாலையிலோ பால் பதனிடும் இடத்திலோ பைப் பொருத்தும் பிட்டருக்கு உதவியாளாக வந்து சேரும் தம்பிமாரிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். "இந்த ஸ்டீம் லைனைக் கழற்றி வேலை செய்யணும், முதலில் என்ன செய்வீங்க?" அநேகமாக எல்லோரும் சொல்வது ஒரே பதில்தான்: "வால்வை மூடுவேன்." சரி, அப்புறம்? அப்புறம் ஸ்பேனரை எடுப்பதாகச் சொல்வார்கள். வால்வை மூடுவதற்கும் ஸ்பேனரை எடுப்பதற்கும் நடுவில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். மலைநாட்டில் ஒரு தொழிற்சாலை. விறகில் எரியும் இரண்டு பொயிலர்கள், இரண்டின் நீராவியும் வந்து சேரும் பொதுப் பைப், அதாவது ஸ்டீம் ஹெடர், ஒன்றே ஒன்று. உட்புறத்தைத் துப்புரவு செய்வதற்காக ஒன்றை நிறுத்தியிருந்தோம். மாடியில் கொழுந்து வாடிக்கொண்டிருந்ததால் மற்றதை நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கேட் வால்வு. அதை இறுக்கி மூடி, சக்கரத்தில் சங்கிலியும் போட்டோம். பொயிலரின் மேல்மூடியைத் திறந்து, என்னோடு வேலை செய்த அண்ணன் தோள்வரை கையை உள்ளே விட்டுப் படிவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வால்வுக்கு மேலே பைப்பில் தேங்கி நின்ற கொதிநீர் கசிந்து அவருடைய கையில் இறங்கியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வழன்றுவிட்டது.

பிறகு அந்த வால்வைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தோம். உள்ளே ஏறி இறங்கும் கேட்டின் முகத்தில், நூலைப் பிடித்து இழுத்து அறுத்தது போல ஒரு மெல்லிய கோடு. நீராவி வருடக்கணக்கில் அந்த வழியாகப் பாய்ந்து உலோகத்தைத் தின்றிருக்கிறது. அடியில், கேட் வந்து உட்காரும் இடத்தில், நகத்தளவு வெள்ளைப் படிவு ஒட்டிக்கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தவருக்குச் சக்கரம் முழுசாக மூடித்தான் இருந்தது. சங்கிலியும் சரியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு, மூடிய வால்வு வேறு, துண்டித்த பைப் வேறு. வால்வுக்குள் இரண்டு உலோக முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்பதை நாம் கண்ணால் பார்க்க முடியாது. பைப்பின் குறுக்கே ஒரு முழுத் தகட்டை வைத்து போல்ட் போட்டால், அல்லது பைப்பில் ஒரு துண்டையே கழற்றி எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் வர வழியே கிடையாது. இதைத்தான் பொறியியலாளர்கள் பாசிட்டிவ் ஐசொலேஷன் என்கிறார்கள். நான் முழுத் துண்டிப்பு என்றே சொல்கிறேன்.

என்னென்ன சாமான்கள்

எளிமையானது ஸ்பேட். மண்வெட்டித் தகடு மாதிரி வட்டமான இரும்பு பிளேட், மேலே ஒரு பிடி. பைப்புகளின் நுனியில் போல்ட் போட்டு இணைக்கும் வளையத்துக்கு பிளான்ஜ் என்று பெயர். இரண்டு பிளான்ஜுக்கு நடுவில், போல்ட்களின் வட்டத்துக்குள்ளே ஸ்பேட் உட்காரும். பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கம் இதை பிளைண்ட் என்றும், சிலர் டம்மி என்றும் சொல்வார்கள். வேலை முடிந்து இதை எடுத்தால் அந்த இடைவெளி காலியாகிவிடும். அதை நிரப்ப, அதே தடிப்பில் நடுவில் ஓட்டை உள்ள வளையம் ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் ஸ்பேசர்.

இந்த இரண்டையும் ஒன்றாக இணைத்தால் ஸ்பெக்டக்கிள் பிளைண்ட். மூக்குக் கண்ணாடி மாதிரி இரண்டு வட்டங்கள்; ஒன்று முழுத் தகடு, மற்றது ஓட்டை. இது லைனிலேயே நிரந்தரமாக இருக்கும். தேவைப்படும்போது போல்ட்களைத் தளர்த்தி, திருப்பி வைக்கிறோம். எனக்குப் பிடித்தது இதுதான். காரணம், தூரத்தில் நின்றே நிலைமையைச் சொல்லிவிடலாம்: வெளியே ஓட்டை தெரிந்தால் உள்ளே அடைப்பு, வெளியே முழுத் தகடு தெரிந்தால் உள்ளே பாதை திறந்திருக்கிறது. இதை மனதில் ஊன்றி வைத்துக்கொள்ளுங்கள், தலைகீழாக நினைத்துவிட்டால் ஆபத்து. நுவரெலியா, அம்பேவல பக்கத்து ஈரத்தில் வெளியே நிற்கும் பாதி சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டு முகங்களுக்கு நடுவில் அடைப்பாக வைக்கும் கஸ்கட் உட்காரும் முகத்தில் கிரீஸ் பூசி வைக்காவிட்டால், திருப்பி வைக்கும் நாளில் ஒழுகும்.

மூன்றாவது வழி, பைப்பில் ஒரு துண்டைக் கழற்றி எடுத்துவிட்டு, அழுத்தம் இருக்கும் பக்கத்தில் முழு மூடி பிளான்ஜ் போட்டு எல்லா போல்ட்களையும் இறுக்குவது. ஆள் உள்ளே இறங்கும் வேலைக்கு இதைவிட நல்லது இல்லை. இடைவெளியே கண்ணுக்குத் தெரிகிறது. பால் தொழிற்சாலைகளில் கழுவும் காரத் திரவம் வரும் லைனையும் பால் லைனையும் பிரித்து வைக்க, கையால் கழற்றி மாட்டும் வளைவுப் பைப் இருக்கும். அதுவும் இதே யோசனைதான்.

அடிக்கடி துண்டிக்க வேண்டிய பெரிய ஆலைகளில் போல்ட் கழற்றாமலே தகட்டை மாற்றும் விரைவு பிளைண்டுகள் உண்டு. நம்முடைய தேயிலைத் தொழிற்சாலைகளில் அவற்றுக்கு வேலை குறைவு.

இரண்டு வால்வுகளை மூடி நடுவில் ஒரு சிறிய வடிகால் வால்வைத் திறந்து விடும் முறையும் உண்டு. முதல் வால்வு கசிந்தால் நடுவில் வெளியேறிவிடும், நமக்கும் தெரியும். ஒற்றை வால்வைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் வால்வு வால்வுதான். வடிகால் அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது. கஸ்கட் மாற்றுவது போன்ற சின்ன வேலைக்குச் சரி. பொயிலருக்குள்ளோ தாங்கிக்குள்ளோ ஆள் இறங்குவதற்கு நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1989 ஒக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பசடீனா என்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆலை வெடித்து 23 பேர் இறந்தார்கள். அடைப்பு எடுக்கும் வேலைக்காகப் பைப்பைத் திறந்தவர்களுக்கும் உள்ளே இருந்த எரிவாயுவுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு வால்வு. அதை இயக்கும் காற்றுக் குழாய்கள் மாறி இணைக்கப்பட்டிருந்ததால், மூடும் என்று நினைத்த நேரத்தில் அது திறந்துகொண்டது. ஒரு மூடித் தகடு இருந்திருந்தால் வால்வு திறந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

தகட்டைத் தேர்ந்தெடுப்பது

மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் வெள்ளைக்காரன் காலத்துச் சாமானும் இருக்கும், நேற்று வந்த சாமானும் இருக்கும். ஒரே 4 அங்குலப் பைப்தான், ஆனால் பிளான்ஜ் மூன்று விதம். பழைய பிரிட்டிஷ் தரங்களான டேபிள் டி, டேபிள் ஈ என்றால் போல்ட் வட்டத்தின் விட்டம் 178 மில்லிமீட்டர். ஐரோப்பிய பி.என். 16 என்றால் 180. அமெரிக்க கிளாஸ் 150 என்றால் 190.5. ஒன்றுக்கு வாங்கிய ஸ்பேட் மற்றதில் நடுவில் உட்காராது. ஒரு பக்கம் சரிந்து நிற்கும், கஸ்கட் பாதிதான் பிடிக்கும். அதனால் கடையில் "நாலு அங்குல பிளைண்ட்" என்று மட்டும் கேட்காதீர்கள். காகித அட்டையில் பிளான்ஜின் முகத்தை அப்படியே வரைந்து வெட்டிக் கையில் கொண்டுபோங்கள்.

தடிப்பு விஷயத்தில் யாரோடும் சமரசம் வேண்டாம். பொயிலரின் மானி 7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காட்டினால் உள்ளே இருக்கும் நீராவி சுமார் 170 பாகை செல்சியஸ். கஸ்கட்டின் உள்விட்டம் 115 மில்லிமீட்டர் உள்ள ஒரு 4 அங்குல ஸ்பேட்டின் மேல் அது தள்ளும் பாரம் ஏறத்தாழ 740 கிலோ. 50 கிலோ சீமெந்து மூட்டை பதினைந்தை அந்தத் தகட்டின் மேல் அடுக்கினது போல. 10 பார் அழுத்தத்துக்குச் சாதாரண மென்னுருக்கில் கணக்குப் போட்டால் தேவையான தடிப்பு 4 மில்லிமீட்டரைத் தாண்டும். துருவுக்கென்று அதற்கு மேலும் சேர்க்க வேண்டும். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.ஈ.) பி16.48 என்ற தரத்தின்படி செய்த பிளைண்ட், பிளான்ஜின் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டும் என்பதால் அதைவிடத் தடிப்பாகவே வரும். தகரத் துண்டை வட்டமாக வெட்டி இரண்டு பிளான்ஜுக்கு நடுவில் செருகியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது தண்ணீர் சொட்டாமல் தடுக்கும், உயிரைக் காக்காது. வாங்கிய பிளைண்டின் பிடியில் அளவும் வகுப்பும் உலோகமும் பொறித்திருக்கும். பொறிப்பு இல்லாததை, பொறுப்பான பொறியியலாளர் கணக்குப் பார்த்துச் சொல்லாமல் போடாதீர்கள்.

வேலையில் இறங்குவது

முதலில் லைனை நடந்து பாருங்கள். வரைபடம் இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பழைய தொழிற்சாலையில் பத்துப் பேர் பத்துக் காலத்தில் கிளைகள் போட்டிருப்பார்கள். துண்டிக்கப்போகும் பொயிலரிலோ தாங்கியிலோ தொடங்கி, அதில் வந்து சேரும் ஒவ்வொரு பைப்பையும் கையால் தொட்டுத் தொட்டுப் பின்னால் போங்கள்: ஸ்டீம், ஊட்டுநீர், கீழே அழுக்கு வெளியேற்றும் லைன், மாதிரி எடுக்கும் சின்னக் குழாய். இரண்டு பொயிலர்களின் வெளியேற்றும் லைன்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அதையும் துண்டிக்க வேண்டும். மற்றப் பொயிலரின் அழுக்கை யாராவது வெளியேற்றும்போது கொதிநீர் பின்வழியாக ஏறி வரும். பலர் மறப்பது இதைத்தான்.

மலையில் இன்னொன்று. பம்பை நிறுத்தினால் தண்ணீர் லைனில் அழுத்தம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தாங்கி மேட்டில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். தொழிற்சாலைக்கு மேலே 50 மீட்டர் உயரத்தில், தேயிலை மலையில், தாங்கி இருந்தால் பம்பும் மின்சாரமும் இல்லாமலே 5 பார் உங்கள் ஸ்பேனருக்காகக் காத்திருக்கிறது.

துண்டிக்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதி எண் போடுங்கள். பிளேட்டிலும் அதே எண். பட்டியல், அனுமதிச் சீட்டு இரண்டிலும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் கையெழுத்து வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொயிலரைப் பற்றியும் ஆபத்தான புகை இருக்கக்கூடிய அடைபட்ட இடங்களைப் பற்றியும் தனியாகவே பேசுகிறது. இது உங்கள் முதலாளியின் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை.

இனி வால்வுகளை மூடி, சங்கிலியும் பூட்டும் போடுங்கள். வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு, சாவி அவரவர் சட்டைப் பையில். அட்டையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிடுங்கள்.

அடுத்தது அழுத்தத்தை இறக்குவது. மேலே காற்று விடும் வால்வு, கீழே வடிகால், இரண்டையும் திறந்து முழுசாக வடிய விடுங்கள். அழுத்தமானி பூச்சியம் காட்டினால் போதாது. அதன் சின்னக் குழாய் படிவால் அடைத்திருந்தால் 3 பாரிலும் அது பூச்சியத்தில்தான் தூங்கும். திறந்த வடிகாலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நீரோ நீராவியோ வந்து, குறைந்து, நின்றதா? அல்லது ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் வரவில்லையா? ஒன்றுமே வராத வடிகாலைச் சந்தேகப்படுங்கள். அடைபட்டிருக்கலாம். நின்ற பிறகும் கால் மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். மெல்லிய நூலாக ஆவி வந்துகொண்டே இருந்தால் வால்வு கசிகிறது. அப்போது இன்னும் பின்னால் போய் அடுத்த வால்வையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் முழுத் தொகுதியையும் நிறுத்த வேண்டும். "கொழுந்து வீணாகிறது, சீக்கிரம்" என்று மேலிருந்து குரல் வருவது இந்த இடத்தில்தான். அந்தக் குரலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆறவும் விடுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். கொழும்பில் சும்மா கிடக்கும் 96 பாகைத் தண்ணீர் இங்கே பிளான்ஜைத் திறந்த உடனே பொங்கும். பைப்பின் மேல் வெறும் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற அளவு ஆறிய பிறகுதான் ஸ்பேனர்.

பிளான்ஜைத் திறக்கும் அந்த நிமிடம்

முழு வேலையிலும் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் தகடு உள்ளே போகும்வரை உங்களைக் காப்பது அந்தப் பழைய வால்வு மட்டுமே. முகக்கவசம், நீளக் கையுறை, தடித்த உடை. கார லைன் என்றால் இரசாயனத்துக்கு உகந்த கையுறையும் பக்கத்தில் ஓடும் தண்ணீரும். குளிரூட்டும் அமோனியா லைனைப் புதியவர்கள் தொடவே கூடாது, அது தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை.

நிற்கும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். பின்னால் ஓட வழி வேண்டும், ஏணியின் மேல் ஒற்றைக் காலில் நின்று திறக்கக் கூடாது. முதலில் தளர்த்த வேண்டியது உங்களுக்கு அப்பால், மறுபக்கத்தில் இருக்கும் போல்ட். நட்டைக் கழற்றாதீர்கள், இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். அடுத்தடுத்த போல்ட்களையும் அப்படியே. பிறகு, மறுபக்கத்தில் ஆப்பை மெதுவாகத் தட்டி பிளான்ஜைக் கொஞ்சம் பிரியுங்கள். உள்ளே மிச்சம் ஏதும் இருந்தால் அந்தப் பக்கமாகச் சீறும், உங்கள் முகத்தில் இல்லை. 1 பார் மட்டுமே மிச்சம் இருந்தாலும் அந்த 4 அங்குல வட்டத்தில் 100 கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டு நிற்கிறது. எல்லா நட்டையும் கழற்றிய பிறகு அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. சீற்றம் வந்தால் உடனே இறுக்குங்கள், பின்னால் வாருங்கள், திரும்ப வடிகாலிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்றும் வரவில்லையா? சரி. மேல் பாதி போல்ட்களை எடுத்துவிட்டு, கீழ்ப் பாதியைத் தளர்வாக விடுங்கள். பிளேட் அந்தக் கீழ் போல்ட்களில் தொட்டில் மாதிரி உட்காரும். இடைவெளியை அகட்ட பிளான்ஜ் ஸ்பிரெடர் இருந்தால் நல்லது. விரலை மட்டும் இரண்டு பிளான்ஜுக்கு நடுவில் விடாதீர்கள், இழுவையில் நிற்கும் பைப் திடீரென மூடிக்கொள்ளும். தகட்டின் இரண்டு பக்கமும் புதிய கஸ்கட். அழுத்தம் வரும் பக்கத்துக்கு மட்டும் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். தகடு வந்ததால் தடிப்பு கூடியிருக்கிறது, எனவே பழைய போல்ட் நீளம் போதுமா என்று பாருங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு புரியாவது தெரிய வேண்டும். எதிர் எதிராக, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

கையால் மட்டும் திருகி விட்டுப் போவது மிகக் கெட்ட பழக்கம். 1988 ஜூலை 6ஆம் திகதி வட கடலில் பைப்பர் அல்பா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வை வேலைக்குக் கழற்றி, அந்த இடத்தில் மூடி பிளான்ஜ் போட்டிருந்தார்கள். அது ஒழுகாத அளவுக்கு இறுக்கப்படவில்லை. இரவு முறைக்கு வந்தவர்களுக்கு விஷயம் போய்ச் சேரவும் இல்லை. அடுத்த பம்ப் நின்றபோது இதை ஓட்டினார்கள். மூடி இருந்தது, இறுக்கமும் தகவலும் இல்லை.

ஒவ்வொரு தகடும் உள்ளே போன உடனே பட்டியலில் எண், நேரம், பெயர் எழுதுங்கள். அட்டையைப் பிடியில் கட்டுங்கள். முறை மாறும்போது அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக் காட்டுங்கள், வாயால் சொன்னால் மட்டும் போதாது. எல்லாம் முடிந்த பிறகும், உள்ளே இறங்குவதற்கு முன் காற்றைச் சோதிக்கும் வேலையும் வெளியே ஒருவர் நிற்கும் ஏற்பாடும் தனியாக உண்டு. துண்டிப்பு அதற்குப் பதிலாகாது.

திரும்பப் பொருத்துவது

வேலை முடிந்ததும், உள்ளே ஆளோ கருவியோ இல்லை என்று பார்த்து, மூடியைப் போட்ட பிறகே தகடுகளைத் தொட வேண்டும். எடுக்கும்போதும் அதே எச்சரிக்கை: இத்தனை நாளாகக் கசிந்த வால்வுக்கும் தகட்டுக்கும் நடுவில் அழுத்தம் சேர்ந்திருக்கும். வடிகாலை மறுபடி திறந்து பார்த்து, மறுபக்கத்து போல்ட்டிலிருந்து தொடங்குங்கள். ஸ்பேட் இருந்த இடத்தில் ஸ்பேசர், புதிய கஸ்கட். பாதுகாப்பு வால்வுக்குப் போகும் வழியில் சோதனைக்காகத் தகடு போட்டிருந்தால் அதை முதலில் தேடிப்போய் எடுங்கள். அது உள்ளேயே இருந்துவிட்டால், அழுத்தம் கூடும்போது பொயிலருக்கு மூச்சுவிட வழியில்லை.

ஸ்டீமைத் திரும்ப விடும்போது வால்வை ஒரு கால் சுற்று மட்டும் திறந்து, வடிகால்கள் திறந்தபடி பைப்பைச் சூடாக்குங்கள். குளிர்ந்த பைப்பில் தேங்கிய தண்ணீரை நீராவி ஒரே அடியாகத் தள்ளினால், சுத்தியலால் அடித்தது போல வளைவுகளில் மோதும். நீங்கள் புதிதாகப் போட்ட கஸ்கட்தான் முதலில் போகும்.

எங்கள் பட்டறைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொரு தகட்டின் உருவத்தையும் அதில் வெள்ளைப் பெயின்டால் வரைந்து, எண் எழுதி, ஆணி அடித்து வைத்திருக்கிறோம். பொயிலரில் விறகு போடுவதற்கு முன் பட்டியலோடு அந்தப் பலகையின் முன்னால் போய் நில்லுங்கள். ஓர் ஆணி வெறுமையாக இருந்தாலும் தீ மூட்ட வேண்டாம், அந்த எண்ணைத் தேடிக்கொண்டு லைன் நெடுக நடந்துபோங்கள்.